உனக்காகத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்

மக்கா,

ஆரியசாலை, அரிசிச் சுங்கம், வணிகர் மனு. மூன்றையும் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இந்தச் சொற்கள் சேர்ந்து எந்தப் புதிய பக்கத்தில் வந்தாலும் உனக்கு மின்னஞ்சல் வரும்படி நீ இணையத்தில் சொல்லி வைத்திருக்கிறாய் அல்லவா, அதை நம்பித்தான் இதை எழுதுகிறேன். என் பெயரில் வருகிற மின்னஞ்சலை நீ திறப்பதில்லை. கைப்பேசி அணைந்தே கிடக்கிறது. ஆனால் அந்த மூன்று சொற்கள் வந்து நின்றால் உன்னால் திறக்காமல் இருக்க முடியாது. பல்வலியோடு படுத்திருந்த தீபாவளியன்றுகூட ஒன்றைத் திறந்து பார்த்து, அது ஏதோ அரிசிக் கடை விளம்பரம் என்று கண்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தவள் நீ. இதுவும் விளம்பரம்தான். மகளைக் காணாமல் தவிக்கிற ஒரு அப்பன் கொடுக்கிற விளம்பரம்.

திருவனந்தபுரத்துத் தமிழர்கள் நடத்துகிற இந்தச் சின்னப் பத்திரிகையை அச்சில் எத்தனை பேர் படிக்கிறார்களோ தெரியாது. இணையத்திலும் ஏற்றுகிறார்கள், அது போதும் எனக்கு. ஆசிரியர் நம் கடைக்கு மிளகு வாங்க வருகிறவர். வீட்டுச் சங்கதியை ஊரறியப் போடலாமா என்று தயங்கினார். போடுங்கள் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை, என் பெயர் வரக்கூடாது. உன் பெயரும் வராது, நீ ஆராய்ந்த அந்தப் பெரியவர் பெயரும் வராது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ ஹைதராபாத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போன புதிதில் நான் உன் படிப்பைப் பற்றி என்ன நினைத்தேன் என்று உனக்குத் தெரியும். ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகு, சுக்கு என்று மலஞ்சரக்கு விற்கிறவனின் மகள், ஆரியசாலை வணிகர்களைப் பற்றி ஆராய ஹைதராபாத் போவானேன், கடைவாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதாதா என்று கேலி செய்தேன். அடுத்த விடுமுறையில் நீ மடிக்கணினியோடு கடைக்கு வந்து, கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் அதைத் திறந்து, அரசாங்கத்துப் பழைய காகிதங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாய். நூறு வருஷத்துக்கு முந்தைய மலையாளக் கையெழுத்தை நான் தடுமாறாமல் படித்தபோது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்கே என்னைச் சம்பளமில்லாத உதவியாளனாக்கிவிட்டாய். அதற்கப்புறம் கடையில் கூட்டம் இல்லாத மதியங்களில் நான் கைப்பேசியில் கூப்பிட்டுப் படித்துச் சொல்ல, நீ அங்கே விடுதி அறையில் தட்டெழுதிக்கொள்வாய். அந்த மதியங்களுக்காகவே நான் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிடுவேன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை.

எல்லாம் நீ கற்றுக்கொடுத்ததுதான். தேடினால் வருகிற முதல் பதிலை நம்பாதே, அது யார் எழுதியது, எப்போது எழுதியது, எங்கிருந்து எடுத்தது என்று பார். அடிக்குறிப்பைத் தொட்டு அது போகிற இடத்துக்குப் போ. அந்த இடமும் புறப்பட்ட பக்கத்தையே ஆதாரமாகக் காட்டினால் இரண்டையும் விட்டுவிடு. தட்டெழுதிய வடிவத்தைப் படித்துவிட்டு மூலத்தைப் படித்ததாக நினைக்காதே, படத்தைத் திற. தேடல் காட்டுகிற பக்கத்துக்கு முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் படி. இதைக் கேட்டதும் நான், மூட்டையின் வாயில் கிடக்கிற மிளகைப் பார்த்து விலை பேசாதே, குத்தூசியை அடிமூட்டைவரை விட்டு எடுத்துப் பார் என்பதுதானே இது என்றேன். உனக்குக் குஷி தாங்கவில்லை, அதை ஆராய்ச்சிக் கட்டுரையின் முன்னுரையில் போடப்போவதாகச் சொன்னாய். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய அந்தத் திறந்த கலைக்களஞ்சியத்தில் எனக்கும் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தாய். சுக்கைப் பற்றிய பக்கத்தில் யாரோ முகம் தெரியாத ஒருவரோடு நான் வாரக்கணக்கில் சண்டை போட்டதும், கடைசியில் நீ மத்தியஸ்தம் செய்ததும் நினைவிருக்கிறதா? உன் அம்மா இரண்டு பேருக்கும் பைத்தியம் முற்றிவிட்டது என்று தீர்மானித்தது அப்போதுதான்.

இந்தப் புத்தியெல்லாம் உனக்குச் சின்ன வயதிலேயே இருந்தது. பொன்முடி மலைக்குப் போனோமே, நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது. கடைசிப் பஸ் நேரத்தை ஏதோ ஒரு இணையதளத்தில் பார்த்து வைத்துக்கொண்டு நான் மகா தைரியமாக உங்களை மேலே கூட்டிக்கொண்டு போனேன். சாயங்காலம் நின்றோம் நின்றோம், பஸ் வரவில்லை. அந்தப் பஸ்ஸை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று என்று தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர் சொன்னார். மூடுபனி இறங்குகிறது, அம்மா என்னை வார்த்தையால் வறுத்தெடுக்கிறாள், எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. நீ மட்டும் நிதானமாக, “அப்பா, அத எப்பம் எழுதினதுன்னு பாத்தேளா?” என்று கேட்டாய். நான் பார்க்கவில்லை. பிறகு நீயே அந்த ஆளோடு தொழிலாளர் லயத்துக்குப் போய், அவர் வீட்டில் பால் விடாத கட்டன் சாயா வாங்கிக் குடித்துவிட்டு, கீழே போகிற ஜீப் ஒன்றையும் பேசி முடித்து வந்தாய். ஜீப்பில் வரும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, பரவாயில்லை அப்பா, பஸ்ஸில் வந்திருந்தால் அந்தச் சாயா கிடைத்திருக்காது என்றாய். அந்தப் பெண் எங்கே போனாள் என்றுதான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

இனி அந்தப் பெரியவர் கதைக்கு வருகிறேன். வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் புரியட்டும். ஆரியசாலையில் நம் கடை இருக்கிற இடத்திலேயே கடை வைத்திருந்த ஒருவர், நாஞ்சில் நாட்டிலிருந்து வரும் அரிசிக்குச் சுங்கம் விதிக்கக் கூடாது என்று மகாராஜாவின் அரசாங்கத்துக்கு மனு எழுதினார். காலம் கழித்து, ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, அதே பெயர், அதே கடை, சுங்கத்தை எடுக்கவே கூடாது, எடுத்தால் பெரிய கடைகள் எங்களை விழுங்கிவிடும் என்று இன்னொரு மனு. பழைய ஆவணங்களை ஏற்றியிருக்கிற தளத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் எல்லா மனுக்களும் ஒரே தலைப்பின் கீழ் வரிசையாக வந்து நிற்கும். அதைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் கலைக்களஞ்சியத்தில் அவர் வாழ்க்கை வரலாற்றையே எழுதிவிட்டார். இளமையில் எதிர்த்ததை முதுமையில் ஆதரித்த மனிதர். உன் ஆராய்ச்சியின் உயிரே அதுதான். ஒரு வணிகனின் மனம் எப்படி மாறுகிறது என்பதை ஐம்பது வருஷ மனுக்களை வைத்துச் சொல்லப்போகிறேன் என்றாய். அவர் என் தாத்தாதான் என்று நான் பெருமையோடு சொன்னேன். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர், அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நீ அப்போதும் அவசரப்படவில்லை. தகப்பன் பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாய். இரண்டு மனுவிலும் ஒரே தகப்பன் பெயர். கடையும் ஒன்று. இதற்கு மேல் ஒருத்தி என்னதான் பார்ப்பாள்?

என் அப்பா போன வருஷம் காலமானார். அவர் இருந்தவரை தர்ப்பணம் செய்கிற கடமை எனக்கில்லை. இந்த ஆடி அமாவாசைக்குத்தான் முதன்முதலாகத் திருவல்லம் போய் ஆற்றங்கரையில் ஈர வேட்டியோடு உட்கார்ந்தேன். சடங்கு செய்துவைத்தவர், “அச்சன், முத்தச்சன், அதுக்கும் மேல ஒராள். மூணு பேரும் பறயணும்” என்றார். மூன்று பெயரையும் சொன்னேன். அப்பா பெயரும் அவருடைய தாத்தா பெயரும் ஒன்றாக இருந்தன. “ஒரே பேராணல்லோ” என்று சிரித்தார் அவர். எங்கள் வழக்கம் அது, மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான் வைப்போம் என்று நானும் சிரித்தேன். என் பெயரும் அப்படித்தான் தாத்தாவிடமிருந்து வந்தது. அப்படியானால் தாத்தாவுக்கு அந்தப் பெயர் அவருடைய தாத்தாவிடமிருந்து வந்திருக்கும். இரண்டே பெயர்கள் மாற்றி மாற்றி வந்தால் தகப்பன் பெயரும் எப்போதும் ஒத்துத்தானே போகும். தாத்தா அறுபதைத் தாண்டவில்லை என்று அப்பா சொல்லியும் கேட்டிருக்கிறேன். பெயர் வைக்கிற வழக்கமும் எனக்குத் தெரியும், தாத்தா போன வயதும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரு தடவைகூடச் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. தளத்தில் ஒரே ஆளாக வந்தார், நானும் ஒரே ஆளாக ஏற்றுக்கொண்டேன்.

எனக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது, சத்தியமாக. எள்ளும் தண்ணீரும் காயாத கையோடு உன்னைக் கூப்பிட்டேன். “மக்கா, ஒரு தமாசு கேட்டியா? நம்ம குடும்பத்துல ரெண்டே பேருதான் மாறி மாறி வந்திருக்கு. ஒன் பெரியவரு ஒரு ஆளில்ல, தாத்தாவும் பேரனுமா ரெண்டு ஆளாக்கும்” என்றேன். என் பின்னால் ஒலிபெருக்கி அடுத்த வரிசையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தாத்தா எந்த வருஷம், என்ன வயதில் போனார் என்று கேட்டாய், சொன்னேன். “அப்பம் மொத மனு எழுதும்போ அவரு பொறக்கவே இல்லியே அப்பா” என்றாய். உன் குரல் போன விதத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆராய்ச்சியைச் சமர்ப்பிக்க இன்னும் சில நாள்தான் இருந்தது. பதறிப்போய் நான் சொன்னேன் பார் ஒன்று. “அத யாரு பாக்கப்போறா மக்கா? ஒனக்கும் எனக்கும் மட்டுந்தானே தெரியும். குடுத்துட்டு வா, பொறவு பாத்துக்கிடலாம்.”

“நான் பாத்துட்டேனே அப்பா” என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

உன்னை உடைத்தது அந்த இரண்டாவது ஆள் இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. என் வாயில் வந்த அந்த வார்த்தைதான். எதையும் யார் எழுதியது என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தவளிடம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டேன். வாழ்நாள் முழுக்க நிறுவையில் ஒரு கிராம் குறைத்ததில்லை என்று மார்தட்டுகிறவன், பெற்ற மகளிடம் நிறுவையைச் சாய்க்கச் சொல்லிவிட்டேன். உன் படிப்பு போய்விடுமே என்ற பயத்தில் சொன்னது. பயத்தில் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான், மன்னித்துவிடு.

மறுநாள் நீ விடுதியைக் காலி செய்துவிட்டுப் போனதாக உன் அறைத் தோழி சொன்னாள். அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாய், நன்றாக இருக்கிறேன், தேடாதீர்கள் என்று. நன்றாக இருக்கிறவர்கள் யாராவது அப்படி எழுதுவார்களா? அங்கே போய்ப் போலீஸில் சொன்னோம். விவரம் தெரிந்த பெண், தானே செய்தி அனுப்பியிருக்கிறாள், பொறுத்துப் பாருங்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது ஹைதராபாத் வண்டி வருகிற நேரத்துக்குத் தம்பானூர் ஸ்டேஷனில் போய் நிற்பது என் வேலையாகிவிட்டது. எல்லோரும் இறங்கிப் போய், பெட்டிகளைக் கழுவ ஆள் வருகிறவரை நிற்பேன். வெளியே ஆட்டோக்காரர்களுக்கெல்லாம் என்னைத் தெரிந்துவிட்டது. “அண்ணாச்சி, இன்னும் வந்நில்லே?” என்று அவர்களில் ஒருவர் கேட்பார், இல்லை என்று தலையாட்டுவேன், ஆரியசாலைக்குக் கொண்டுவந்து விடுவார். தூக்கம் போய்விட்டது எனக்கு. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை.

உன் அம்மா பிறகு ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “அவரு ஒரு ஆளா இருந்தா என்ன, ஒம்பது ஆளா இருந்தா என்ன? எம் பிள்ளைய எனக்குக் கொண்டாருங்கோ” என்றாள். அழவில்லை, சத்தமும் போடவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். இப்போது உன் அறையைத் தினம் பெருக்கித் துடைத்து, மடிக்கணினி வைக்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டு வைக்கிறாள்.

உன் வழிகாட்டிப் பேராசிரியையைப் பார்த்துப் பேசினேன். விலகுவதாக நீ எழுதியதை அவர் இன்னும் மேலே அனுப்பவில்லை, கையிலேயே வைத்திருக்கிறார். நீ போவதற்கு முன்பே அவருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டாயாம், எந்தப் பக்கத்தில் பிழை தொடங்குகிறது, எந்த அத்தியாயம்வரை போகிறது என்று ஒன்றுவிடாமல். அதைப் படித்துக் காட்டிவிட்டு அந்த அம்மாள், இத்தனை வருஷத்தில் தன் பிழையைத் தானே இப்படி எழுதித் தந்த மாணவியை நான் பார்த்ததில்லை என்றார். ஒரு மனிதர் மனம் மாறியதற்குப் பதிலாக ஒரே கடையில் தாத்தா ஒன்று சொல்ல, பேரன் நேர் எதிராகச் சொல்லியிருக்கிறான், அதை எழுதட்டும், இன்னும் நல்ல ஆராய்ச்சியாக வரும் என்றார். கால நீட்டிப்பு வாங்கித் தருகிறாராம். ஆனால் நீ வந்து கையெழுத்துப் போட வேண்டும், இந்த மாத முடிவுக்குள். அதற்குப் பிறகு அவர் கையில் ஒன்றும் இல்லை. நான் அந்த அறையிலிருந்து வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், பிள்ளைகள் எல்லாம் சுற்றிக்கொண்டு போனார்கள்.

உன்னை நீ ஏமாற்றுக்காரி என்று நினைத்துக்கொண்டிருப்பாய். எனக்குத் தெரியும் உன் சுபாவம். மக்கா, அந்தத் தலைப்பை ஒன்றாக்கியது ஏதோ ஒரு அலுவலகத்தில் பெயர்களைத் தட்டெழுதியவர். அதை வாழ்க்கையாக எழுதியது இன்னொருவர். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற புது எந்திரம் வந்திருக்கிறதே, அதனிடமும் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பெரியவர் நீண்ட ஆயுளோடு வாழ்ந்து மனம் மாறியதை அழகான தமிழில் அப்படியே சொல்லிற்று. எங்கிருந்து எடுத்தாய் என்றால் அதே பக்கத்தைக் காட்டுகிறது. இத்தனை பேர் கைமாறி வந்த பிழையில், கேட்டவுடன் நின்றவள் நீ ஒருத்திதான். திருவல்லத்திலிருந்து நான் வாயைத் திறந்த அந்த நிமிஷமே கணக்குப் போட்டு, உன் மூன்று வருஷ உழைப்பை நீயே குத்தூசி விட்டுப் பார்த்தாய். அதற்குப் பிறகும் உன்மேல் உனக்கு என்ன கோபம்? பொன்முடியில் தப்பான நேரத்தைப் பார்த்து உங்களைக் கொண்டுபோய் நிறுத்தியவன்மேல்கூட நீ கோபப்படவில்லையே.

இனி பெயர் ஏன் வேண்டாம் என்றேன் என்று சொல்கிறேன். என் பெயரும் அந்தப் பெரியவர்கள் பெயரும் ஒன்று. நான் கையெழுத்துப் போட்டால் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரிந்துவிடும், யாராவது போய்த் திருத்திவிடுவார்கள். அந்தப் பக்கத்தைத் திருத்தத்தான் நானும் ஒரு காலையில் கடையைத் திறந்ததும் உட்கார்ந்தேன். நீ போட்டுக் கொடுத்த கணக்கில் நுழைந்து, முதல் வரியை இரண்டு ஆளாகப் பிரித்து எழுதியும் விட்டேன். சேமிக்கிற பொத்தானுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தேன். உலகத்தில் அந்த வரி தப்பு என்று அறிந்து, அதைத் திருத்தவும் தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். உன் பேராசிரியையிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், நீங்கள் தொடாதீர்கள் என்று. எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இனி அந்த வரி மாறினால், மாற்றியது நீதான் என்று எங்களுக்குத் தெரியும்.

நீ கூப்பிட வேண்டாம். எங்கே இருக்கிறாய் என்று சொல்லவும் வேண்டாம், மனம் வரும்போது சொல். அந்தப் பக்கத்துக்கு ஒரு தடவை போ. தப்பான வரியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க உன்னால் ஆகாது, அது உன் பிறவிக் குணம். தினம் காலையில் விளக்கேற்றியதும் நான் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறேன். அம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். அவளுக்கு அதில் எந்த வரி என்றுகூடத் தெரியாது, மாறியிருக்கா, மாறியிருக்கா என்று மட்டும் கேட்கிறாள். இன்றைக்கும் இல்லை என்றேன்.